20-வது முறை கிடைத்த வெற்றி!

மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினால் என்ன பொருள்?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கார் பந்தயம் பார்க்கும் குடும்பத்தில் பிறந்த சிறுவனைக் கேட்டால் உடனே பதில் சொல்வான். "மூன்றாம் நம்பர் கார்!" என்பான்.

அந்தக் கறுப்புக் காரை ஓட்டியவர் டேல் எர்ன்ஹார்ட். 2001-ம் ஆண்டு பந்தய மைதானத்திலேயே உயிர் நீத்தவர். அவர் காரோட்டிய காலத்தில் வாலிபர்களாக இருந்தவர்கள் இன்று பேரன், பேத்தி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவரை மறக்கவில்லை.

இரண்டு ரசிகர்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும். "அவருடைய வெற்றிகளில் எது பெரியது?" என்று ஒருவர் கேட்பார். அவ்வளவுதான், வாக்குவாதம் தொடங்கிவிடும். ஒருவர் 1987 என்பார். இன்னொருவர் 2000 என்பார். மூன்றாமவர் இருவரையும் கையமர்த்தி, "1998-ஐ விட்டுவிட்டீர்களே!" என்பார்.

இதை வெறும் வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஒரு வீரனின் எந்த வெற்றியை மக்கள் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், அந்த மக்கள் எதை மதிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஆலை ஊர்ப் பிள்ளை

வட கரோலினா மாநிலத்தில் கன்னாபொலிஸ் என்று ஓர் ஊர். துண்டும், படுக்கை விரிப்பும் நெய்யும் பெரிய ஆலை அங்கே இருந்தது. ஊரே அந்த ஆலையை நம்பி வாழ்ந்தது.

அந்த ஊரில் 1951-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி டேல் எர்ன்ஹார்ட் பிறந்தார். அவருடைய தந்தை ரால்ப் எர்ன்ஹார்ட், கார் பந்தயத்தையே பிழைப்பாகக் கொண்டவர். 1956-ல் ஒரு பிரிவில் நாட்டின் சாம்பியன் பட்டமும் பெற்றவர்.

தந்தையைப் பார்த்து மகனுக்கும் ஆசை வந்தது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டார். தந்தைக்கு இது பிடிக்கவில்லை. மகன் கேட்கவில்லை.

1973-ல் தந்தை மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 45. மகனுக்கு வயது 22.

அதன் பிறகு வந்த ஆண்டுகள் கஷ்டமானவை. கிடைத்த வேலையைச் செய்தார். கடன் வாங்கிக் காரைத் தயார் செய்வார். பந்தயத்தில் பரிசு கிடைத்தால் கடனை அடைப்பார். கிடைக்காவிட்டால் கடன் ஏறும்.

1975-ல் முதல் தடவையாகப் பெரிய பந்தயம் ஒன்றில் ஓட்டினார். 22-வது இடம்தான் கிடைத்தது. 1979-ல்தான் ஆண்டு முழுவதும் ஓட்டும் வாய்ப்பு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி பிரிஸ்டல் மைதானத்தில் முதல் வெற்றி கிட்டியது. சிறந்த புதுமுகம் என்ற பட்டமும் கிடைத்தது.

மறு ஆண்டே, 1980-ல், சாம்பியன் ஆனார். புதுமுகப் பட்டம் வாங்கிய அடுத்த ஆண்டே சாம்பியன் பட்டமும் வாங்கியவர் அவருக்கு முன் ஒருவரும் இல்லை.

பிறகு 1986, 1987, 1990, 1991, 1993, 1994 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அவருக்கே. மொத்தம் 7 பட்டங்கள். மொத்த வெற்றிகள் 76.

இது என்ன பந்தயம்?

இந்தப் பந்தயத்தில் ஓடுவது ராக்கெட் போன்ற ஒல்லிக் கார் அல்ல. பார்வைக்குச் சாதாரணக் குடும்பக் கார் போலவே இருக்கும். உள்ளே எல்லாம் வேறு.

இதன் தொடக்கமே ஒரு சுவையான கதை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. கள்ளச் சாராயம் கடத்தியவர்கள் போலீசாரிடமிருந்து தப்ப வேண்டும். அதற்காகக் காரின் என்ஜினை மாற்றி வேகத்தைக் கூட்டினார்கள். மதுவிலக்கு போன பிறகும் சில மலைப் பகுதிகளில் கடத்தல் நடந்தது. "யார் கார் வேகமான கார்?" என்ற போட்டி வந்தது. அந்தப் போட்டி பந்தயமாக வளர்ந்தது. 1948-ல் அதற்கு ஒரு சங்கமே ஏற்பட்டது. அதுதான் நாஸ்கார்.

இந்தப் பந்தயங்களில் தலையாயது, புளோரிடா மாநிலத்தில் டேடோனாவில் நடக்கும் 500 மைல் பந்தயம். 1959-ல் கட்டப்பட்ட அந்த மைதானத்தில் ஒரு சுற்று இரண்டரை மைல். 200 சுற்றுகள் வரவேண்டும். வளைவுகளில் பாதை வீட்டுக் கூரை போலச் சாய்ந்திருக்கும். அந்தச் சரிவில் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 40 கார்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு பறக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதன் முதுகை ஒட்டிப் போகும் காருக்குக் காற்றின் தடை குறைவு. லாரிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். ஆகவே தனியாகப் போகிறவன் பின்தங்குவான். யாருடைய முதுகில் ஒட்டுவது, எப்போது விலகுவது என்று அறிந்தவனே முந்துவான்.

எர்ன்ஹார்ட் இதில் மன்னன். "காற்றைக் கண்ணால் பார்க்கிறார்" என்றே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

புல்லில் பாய்ந்த கார்

1987-ஐச் சொல்லும் ரசிகர்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது.

அந்த ஆண்டு எர்ன்ஹார்ட் 11 பந்தயங்களில் வென்றார். ஆனால் ரசிகர்கள் பேசுவது அந்தக் கணக்கில் சேராத ஒரு பந்தயத்தைப் பற்றி. மே மாதம் சார்லட் மைதானத்தில், வெற்றி பெற்ற வீரர்களுக்கு மட்டும் ஒரு தனிப் பந்தயம் நடந்தது. அதன் கடைசிப் பகுதி பத்தே சுற்றுகள்.

எர்ன்ஹார்ட் முன்னே போனார். பில் எலியட் என்ற வீரர் துரத்தி வந்தார். இரண்டு கார்களும் உரசின. எர்ன்ஹார்டின் கார் பாதையை விட்டு விலகிப் புல்தரையில் பாய்ந்தது.

அந்த வேகத்தில் புல்லில் இறங்கிய கார் பம்பரம் போலச் சுற்றத்தான் வேண்டும். இது சுற்றவில்லை. புல்லைக் கிழித்துக்கொண்டு நேராக ஓடியது. மறுபடி பாதையில் ஏறியது. அப்போதும் அதுதான் முதலிடம்!

"புல்லில் முந்தினார்" என்று இன்றும் சொல்கிறார்கள். உண்மையில் அவர் யாரையும் முந்தவில்லை. இருந்த முதலிடத்தை விட்டுக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ரசிகர்களிடம் போய் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்!

ஐந்து சுற்றில் 17 பேர்

2000-ஐச் சொல்கிறவர்களும் சும்மா சொல்லவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி. அலபாமா மாநிலத்தில் உள்ள டாலடேகா மைதானம். எர்ன்ஹார்டுக்கு அப்போது வயது 49. அதற்கு முந்திய குளிர்காலத்தில்தான் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். "கிழவருக்கு இனி என்ன வெற்றி?" என்று பேசியவர்கள் உண்டு.

ஐந்து சுற்றுகள்தான் பாக்கி. எர்ன்ஹார்ட் இருந்தது 18-வது இடம். முன்னால் 17 கார்கள்!

பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் தங்கள் கண்களையே நம்பவில்லை. கறுப்புக் கார் இந்த இடுக்கில் நுழைந்தது. அந்தச் சந்தில் புறப்பட்டது. ஒரு காரின் முதுகில் ஒட்டியது, இன்னொரு காரைத் தோளால் தள்ளுவது போல ஒதுக்கியது. கென்னி வாலஸ் என்ற வீரரின் கார் பின்னால் இருந்து தள்ளிக் கொடுத்தது. கோட்டைத் தாண்டும்போது எர்ன்ஹார்ட் முதலாவது!

வெற்றிப் பரிசோடு 10 லட்சம் டாலர் தனிப் பரிசும் கிடைத்தது. அது அவருடைய 76-வது வெற்றி. அதுவே கடைசி வெற்றி என்று அன்று யாருக்கும் தெரியாது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை

இவ்வளவு திறமை உள்ளவருக்கு டேடோனா 500 மைல் பந்தயம் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

அந்த மைதானத்தில் மற்றப் பந்தயங்கள் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அங்கே அவர் வாழ்நாளில் பெற்ற வெற்றிகள் மொத்தம் 34. வேறு யாரும் அவ்வளவு பெற்றதில்லை. ஆனால் தலையாய பந்தயம் என்று வந்தால் விதி விளையாடும்.

1986-ல் வெற்றியை நெருங்கிவிட்டார். மூன்று சுற்றுகள் பாக்கி இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்துவிட்டது!

1990-ல் நடந்ததை நினைத்தால் ரசிகர்களுக்கு இன்றும் வயிறு எரியும். அன்று பந்தயம் முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. கடைசிச் சுற்று. முன்னால் யாரும் இல்லை. இன்னும் ஒரே மைல். அப்போது பாதையில் கிடந்த ஓர் உலோகத் துண்டு டயரைக் கிழித்தது. கார் தடுமாறியது. டெரிக் கோப் என்ற, அதுவரை ஒரு பெரிய பந்தயத்திலும் வெல்லாத வீரர் முந்திக்கொண்டு போனார். எர்ன்ஹார்டுக்கு ஐந்தாவது இடம்.

1993-ல் கடைசிச் சுற்றில் டேல் ஜாரெட் முந்தினார். 1995-ல் இரண்டாவது இடம். 1996-லும் இரண்டாவது இடம்.

1997-ல் வேறு விபரீதம். கார் உருண்டது. எர்ன்ஹார்டை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். காரின் நாலு சக்கரமும் நன்றாக இருந்தன. உடனே இறங்கி வந்தார். என்ஜினைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஓடியது! நசுங்கிய காரில் ஏறி மறுபடி பந்தயத்துக்குப் புறப்பட்டுவிட்டார். பரிசுக்கு வழி இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஓட்டினார்.

விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் மறுபடி மறுபடி முருங்கை மரம் ஏறும். மன்னனும் சளைக்காமல் மறுபடி மரத்தடிக்குப் போவான். எர்ன்ஹார்ட் 19 முறை அந்த மரத்தடிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார்.

வரிசையில் நின்ற எதிரிகள்

1998-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எர்ன்ஹார்ட் 20-வது முறையாக டேடோனாவில் இறங்கினார். அதற்கு முன் 59 பந்தயங்களாக அவருக்கு வெற்றியே இல்லை.

பந்தயத்துக்கு முன்பு, சக்கர நாற்காலியில் வந்த ஓர் ஆறு வயதுச் சிறுமி அவரைச் சந்தித்தாள். ஒரு செப்புக் காசை அவர் கையில் கொடுத்தாள். "இது உங்களுக்கு ராசியாக இருக்கும்" என்பது குழந்தையின் எண்ணம். எர்ன்ஹார்ட் அந்தக் காசைக் காருக்குள் முன்பலகையில் கோந்து போட்டு ஒட்டிவிட்டார்.

பந்தயம் நடந்தது. கடைசிப் பகுதியில் கறுப்புக் கார் முன்னால் வந்தது. பின்னால் ஒரு படையே துரத்தியது. இரண்டே சுற்றுகள் பாக்கி இருந்தபோது பின்னால் கார்கள் மோதிக்கொண்டன. மஞ்சள் கொடி விழுந்தது. அன்றைய விதிப்படி, அடுத்து யார் கோட்டை முதலில் தொடுகிறாரோ அவருக்கே வெற்றி. எர்ன்ஹார்ட் தொட்டார். எஞ்சிய ஒரு சுற்றை மெதுவாக ஓட்டி முடித்தார்.

லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். ஆனால் ரசிகர்கள் மறக்காமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

பரிசு மேடைக்குப் போகும் பாதையில் எர்ன்ஹார்ட் காரைத் திருப்பினார். அங்கே மற்ற வீரர்களின் ஆட்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். அன்று அவரிடம் தோற்றவர்கள். 20 ஆண்டுகளாக அவரோடு மல்லுக்கட்டியவர்கள். ஒவ்வொருவரும் கையை நீட்டினார்கள். எர்ன்ஹார்ட் காரை மெல்ல நகர்த்தி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டே போனார்.

பிறகு காரைப் புல்தரைக்கு ஓட்டிச் சுழற்றினார். சக்கரம் பதித்த தடத்தை ரசிகர்கள் "3" என்றே படித்தார்கள்.

எண்ணிக்கை என்ன சொல்லும்?

வெற்றியை எண்ணிக்கையால் அளப்பதானால் எர்ன்ஹார்டைப் பற்றி இவ்வளவு பேச்சு வேண்டியதில்லை. ரிச்சர்ட் பெட்டி என்ற வீரர் 200 பந்தயங்களில் வென்றவர். டேடோனா 500 மைல் பந்தயத்தை மட்டும் ஏழு தடவை வென்றவர். எர்ன்ஹார்ட் வென்றது ஒரே தடவை.

ஆனால் டேடோனா வெற்றி என்றதும் பலருடைய மனத்தில் முதலில் வருவது 1998-தான். ஏன்?

அந்த ஒரு வெற்றிக்கு முன்னால் 19 தோல்விகள் நிற்கின்றன. ரசிகனும் அந்த 19 தடவையும் கூடவே தோற்றிருக்கிறான். வேலை போன நாளில், கடன் ஏறிய நாளில், "இந்தத் தடவையும் இல்லையா?" என்று தலையில் கை வைத்த குடும்பங்களுக்கு அந்தத் தோல்வி புதிது அல்ல. ஆலை ஊரில் பிறந்த ஒருவர் மறுபடி மறுபடி எழுந்து போவதை அவர்கள் பார்த்தார்கள். கடைசியில் அவர் ஜெயித்தபோது தங்களுக்கே கிடைத்தது போல மகிழ்ந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மற்ற வெற்றிகளை அவரே பறித்துக்கொண்டார். இந்த வெற்றியை எதிரிகளே வரிசையில் நின்று அவருக்கு வழங்கினார்கள். எதிரி கை கொடுத்த பிறகு வெற்றிக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

ஆகவே வாக்குவாதத்தில் 1998-ஐச் சொல்லும் ரசிகர் பக்கமே நியாயம் இருக்கிறது.

கூச்சலும் உண்டு

ஆனால் நினைவு என்றால் முழு நினைவாக இருக்க வேண்டும். பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு பிடிக்காததை மறைப்பது நினைவு ஆகாது.

எர்ன்ஹார்டுக்கு "மிரட்டல்காரர்" என்று பட்டப் பெயர். முன்னால் போகும் கார் வழிவிடாவிட்டால் இடிப்பார். இடித்து ஒதுக்கிவிட்டுப் போவார். இதற்காக அவரைப் போற்றியவர்கள் எவ்வளவோ பேர். வெறுத்தவர்களும் குறைவு அல்ல.

1999-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரிஸ்டலில் இரவுப் பந்தயம். கடைசிச் சுற்றில் டெர்ரி லபான்டி முதலாவதாகப் போனார். எர்ன்ஹார்டின் கார் பின்னால் இருந்து இடித்தது. லபான்டியின் கார் சுழன்று நின்றது. எர்ன்ஹார்ட் வென்றார்.

அன்று மைதானத்தில் கரகோஷம் இல்லை. "ஊ... ஊ..." என்ற கூச்சல்தான் வானைப் பிளந்தது. "சற்று உலுக்கிப் பார்க்கத்தான் நினைத்தேன். சுழற்றிவிட நினைக்கவில்லை" என்ற பொருளில் எர்ன்ஹார்ட் விளக்கம் சொன்னார். பலர் ஏற்கவில்லை.

அதுவும் 76 வெற்றிகளில் ஒன்று. கணக்குப் புத்தகத்தில் அதற்கும் 1998-க்கும் வேற்றுமை இல்லை. மக்கள் மனத்தில் இருக்கிறது.

கடைசித் திருப்பம்

2001-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி. மறுபடி டேடோனா. மறுபடி ஞாயிற்றுக்கிழமை.

எர்ன்ஹார்ட் அப்போது மற்றவர்களுக்குக் கார் கொடுக்கும் முதலாளியாகவும் இருந்தார். அவருடைய கார்களில் ஒன்றை மைக்கேல் வால்ட்ரிப் ஓட்டினார். இவர் 462 பந்தயங்களில் ஓடியும் ஒரு வெற்றி காணாதவர். இன்னொன்றை எர்ன்ஹார்டின் மகன் ஓட்டினார். மகனுக்கும் டேல் எர்ன்ஹார்ட் என்றே பெயர்.

கடைசிச் சுற்றில் வால்ட்ரிப் முதலாவது. மகன் இரண்டாவது. தந்தை மூன்றாவது. பின்னால் வந்த கூட்டத்தை அவர் அணை போலத் தடுத்துக்கொண்டு வந்தார்.

கடைசித் திருப்பத்தில் பின்னால் வந்த ஸ்டெர்லிங் மார்லினின் கார் உரசியது. கறுப்புக் கார் நிலை தவறி, மேலேறி, சுவரில் மோதியது.

வால்ட்ரிப் வாழ்க்கையில் முதல் முறையாக வென்றார். மகனுக்கு இரண்டாவது இடம். எர்ன்ஹார்ட் உயிர் பிழைக்கவில்லை. மண்டை ஓட்டின் அடிப்பகுதி முறிந்திருந்தது. வயது 49.

அன்பு வெறியாகலாமா?

நாடு முழுவதும் ரசிகர்கள் கதறினார்கள். அந்த ஆண்டு பந்தயங்களில் மூன்றாவது சுற்று வந்ததும் மக்கள் எழுந்து நின்று மூன்று விரல்களை உயர்த்தினார்கள். டெலிவிஷனில் வர்ணனை செய்தவர்களும் அந்தச் சுற்று முடியும்வரை பேசவில்லை.

இது அன்பு. இதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. "மார்லின்தான் கொன்றுவிட்டார்" என்று சிலர் கிளம்பினார்கள். அவருக்கு வசைக் கடிதங்கள் போயின. கொலை மிரட்டலும் போயிற்று.

தந்தையைப் பறிகொடுத்த மகனே முன்வந்து, "மார்லின்மீது குற்றம் இல்லை. அவரை யாரும் பழிக்க வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. வால்ட்ரிப்பும் அப்படியே சொன்னார்.

இங்கேதான் ரசிகனுக்குச் சோதனை. மூன்று விரலை உயர்த்திய கையும், மிரட்டல் கடிதம் எழுதிய கையும் ஒரே கூட்டத்தின் கைகள்தாம். இரண்டையும் "அன்பு" என்ற ஒரே பெயரால் அழைக்க முடியுமா? 1998-ல் எதிரிகள் வரிசையில் நின்று கை கொடுத்ததைப் பார்த்துக் கண்ணீர் வடித்தவர்கள், 2001-ல் ஓர் எதிரியின் வீட்டுக்கு வசைக் கடிதம் எழுதினால், பார்த்ததிலிருந்து என்ன கற்றார்கள்?

கழுத்தைக் காக்கும் கவசம்

இன்னொரு சாரார் வேறு விதமாகப் பேசுவார்கள். "அவர் பயம் அறியாதவர். அப்படியே வாழ்ந்தார், அப்படியே போனார். இன்று எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு, கவசம் என்று பந்தயத்தின் சுவையே போய்விட்டது" என்பார்கள்.

இது பிசகு.

எர்ன்ஹார்டுக்குப் பாதுகாப்புக் கருவிகளில் நாட்டம் குறைவு என்பது உண்மைதான். மற்றவர்கள் முகத்தை முழுவதும் மூடும் ஹெல்மெட் அணிந்தபோது அவர் முகம் திறந்த ஹெல்மெட்டே அணிந்தார். வேகத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று கேலி செய்தவர்.

தலையும் கழுத்தும் ஆடாமல் பிடிக்கும் கவசம் ஒன்று அப்போதே இருந்தது. ராபர்ட் ஹப்பார்டு என்ற பேராசிரியர் 1980-களில் உருவாக்கியது. கார் திடீரென்று நிற்கும்போது உடலைப் பட்டைகள் பிடித்துக்கொள்ளும். ஆனால் தலை முன்னால் பாயும். அந்த இழுப்பில்தான் மண்டையின் அடிப்பகுதி முறிகிறது. தோளில் மாட்டும் இந்தக் கவசம் ஹெல்மெட்டைப் பட்டையால் கட்டிப் பிடித்து, தலை பாயாமல் தடுக்கும். அன்று டேடோனாவில் எர்ன்ஹார்ட் அதை அணியவில்லை. அணிந்தே தீர வேண்டும் என்ற விதியும் இல்லை.

அதற்கு முந்திய ஒன்பது மாதங்களில் மூன்று வீரர்கள் பலியாகி இருந்தார்கள். ரிச்சர்ட் பெட்டியின் பேரன் ஆடம் பெட்டி அவர்களில் ஒருவர். வயது 19. அடுத்தவர் கென்னி இர்வின். மூன்றாமவர் டோனி ரோப்பர். மூவருக்கும் காயம் தலை, கழுத்துப் பகுதியில். மூன்று சாவுகள் அசைக்காத விதியை நாலாவது சாவு அசைத்தது. காரணம், நாலாமவர் எர்ன்ஹார்ட்.

2001 அக்டோபரில் கவசம் கட்டாயமாக்கப்பட்டது. மறு ஆண்டிலிருந்து மைதானங்களில், மோதினால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் எஃகுத் தடுப்புகள் வந்தன. காரின் அமைப்பும் மாறியது.

அதன் பயன் என்ன? எர்ன்ஹார்டுக்குப் பிறகு அந்த முதல்தரப் பந்தயத்தில் ஒரு வீரர்கூட விபத்தில் உயிரிழக்கவில்லை.

மகள்களோடு நடந்த தந்தை

2020-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி. அதே டேடோனா. அதே 500 மைல் பந்தயம். அதே கடைசிச் சுற்று.

ரையன் நியூமன் என்ற வீரர் முன்னால் போனார். பின்னால் இருந்து ஓர் இடி. அவர் கார் சுவரில் மோதியது, தலைகீழாகப் புரண்டது. புரண்ட காரில் இன்னொரு கார் வந்து மோதியது. பார்த்தவர்கள் வாய் அடைத்துப் போனார்கள். 2001-ஐப் பார்த்த ரசிகர்களுக்குப் பழைய நடுக்கம் திரும்பியது.

இரண்டு நாள் கழித்து நியூமன் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தார். யாரும் தூக்கி வரவில்லை. இரு பக்கமும் தம் இரண்டு மகள்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

பந்தயத்தின் சுவை போய்விட்டது என்று சொல்கிறவர்கள் அந்தப் படத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். அந்தக் குழந்தைகளிடம் போய், "பழைய காலம்தான் நல்ல காலம்" என்று சொல்ல யாருக்காவது நாக்கு எழுமா?

ரசிகன் செய்ய வேண்டியது

எர்ன்ஹார்டின் கார் எண்ணை 13 ஆண்டுகள் அந்தப் பந்தயத்தில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. 2014-ல் அந்தக் காரின் சொந்தக்காரர் ரிச்சர்ட் சில்ட்ரெஸ், தம் பேரன் ஆஸ்டின் டில்லனுக்கு "3" என்ற எண்ணைக் கொடுத்தார். முணுமுணுத்த ரசிகர்கள் உண்டு. 2018-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி டில்லன் டேடோனாவில் வென்றார். எர்ன்ஹார்ட் இறந்து சரியாக 17 ஆண்டுகள் ஆன அதே நாள்!

எண்ணைப் பூட்டி வைப்பது மரியாதையா, இன்னொரு பிள்ளை அதை ஓட்டி ஜெயிப்பது மரியாதையா? ரசிகர்கள் இதையும் வாக்குவாதம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். செய்யட்டும்.

வீரனை நேசிக்கும் குடும்பங்கள் அவனுடைய வெற்றிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வது நல்லது. புல்லில் பாய்ந்ததையும், 17 பேரை முந்தியதையும் சொல்லட்டும். அதோடு 19 தோல்விகளையும் சொல்ல வேண்டும். பிரிஸ்டலில் எழுந்த கூச்சலையும் சொல்ல வேண்டும். அணியாமல் விட்ட கவசத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "தாத்தா, அவர் ஏன் அதைப் போட்டுக்கொள்ளவில்லை?" என்று பேரன் கேட்பான். அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லும் ரசிகர்தான் எர்ன்ஹார்டுக்கு உண்மையான ரசிகர்.